அகழி வெட்டாத ஊர்கள்
வைகைச் சமவெளி: ஊர் பிறந்த கதை – 14

மதுரை விளக்குத்தூணில் துணி வாங்க நிற்கும் கூட்டத்துக்கு நடுவே ஒரு பழைய இரும்புத்தூண் இருக்கிறது. பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக 19-ஆம் நூற்றாண்டில் ஊர்மக்கள் நிறுத்திய விளக்கு அது. அந்த வட்டாரத்துக்கே பெயர் கொடுத்துவிட்ட தூண். ஆனால் அந்த மனிதரின் உண்மையான நினைவுச் சின்னம் அதைவிடப் பெரியது. மாரட் வீதிகள், பெருமாள் மேஸ்திரி வீதிகள், நான்கு வெளி வீதிகள் என்று நகரத்தைச் சுற்றி நாம் நடக்கும் வளையம் முழுவதும் அவர் காலத்து வேலைதான். அந்த வளையத்தில் ஒரு காலத்தில் கோட்டை மதில் நின்றது. மதிலுக்கு வெளியே அகழி கிடந்தது.

சென்ற இதழில் பாண்டிய நாட்டு நாடுகளையும் கூற்றங்களையும் பார்த்தோம். இந்த இதழில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மதுரை நகரத்துக்கு அகழி இருந்தது சரி. சுற்றியுள்ள வயற்காட்டில் வாழ்ந்த குடியானவன் தன் வீட்டைக் காத்துக்கொள்ள என்ன செய்தான்? அவனும் அகழி வெட்டினானா?

இந்தக் கேள்வி வீணானதல்ல. உலகின் இன்னொரு மூலையில், அதே நூற்றாண்டுகளில், உழவர்கள் ஆயிரக்கணக்கில் அகழி வெட்டினார்கள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நம் ஊர் ஏன் இப்படி அமைந்தது என்பது துலங்குகிறது.

வீட்டுக்கு வீடு அகழி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் எஸ்ஸெக்ஸ், சஃபோக் என்று இரண்டு வட்டாரங்கள் உண்டு. கனத்த களிமண் பூமி. அங்கே வயல்களுக்கு நடுவே தனித்தனியாக நிற்கும் பழைய பண்ணைவீடுகள் பலவற்றைச் சுற்றி இன்றும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ நீர் தேங்கிய பள்ளம் கிடக்கிறது. இங்கிலாந்து முழுவதும் இப்படி 5,000-க்கும் மேற்பட்ட இடங்களைத் தொல்லியலாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். வேல்ஸ், அயர்லாந்து, கடல் தாண்டி ஃபிளாண்டர்ஸ் வரை இந்த வழக்கம் பரவியிருந்தது. பெரும்பாலானவை ஏறத்தாழ 1250-க்கும் 1350-க்கும் இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் வெட்டப்பட்டவை.

இவற்றை வெட்டியவர்களில் பிரபுக்களும் உண்டு, மடாலயங்களும் உண்டு. ஆனால் பலர் ஓரளவு வசதியான உழவர்கள். மக்கள் தொகை பெருகிய காலம் அது. பழைய கிராமத்தில் இடம் போதாமல், காட்டைத் திருத்திப் புது நிலம் கண்டவர்கள் அந்த நிலத்துக்கு நடுவிலேயே வீடு கட்டினார்கள். அண்டை அயல் இல்லாத தனி வீடு. அதைச் சுற்றி அகழி.

போருக்காகவா வெட்டினார்கள்? படை வந்தால் அந்தப் பள்ளம் ஒரு நாள்கூடத் தாங்காது. ஆடுமாடு திருடுபவனை அது தடுக்கும். களிமண் தரையில் தேங்கும் நீரை வடித்து வீட்டைச் சுற்றி உலர வைக்கும். தோண்டிய மண்ணைக் கொட்டி மனையை மேடாக்கலாம். மீன் வளர்க்கலாம். கூரை தீப்பிடித்தால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பு. பிரபுவின் மாளிகைக்கு அகழி இருக்கிறது என்றால், தலையெடுத்த உழவனும் தன் வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று நினைத்தான். 1315 முதல் வந்த பெரும் பஞ்சமும் 1348-இல் வந்த கொள்ளைநோயும் அந்த வளர்ச்சியை நிறுத்தின. அகழி வெட்டும் ஆர்வமும் ஓய்ந்தது.

இனி அதே ஆண்டுகளில் மதுரையைப் பாருங்கள். 1251-இல் சடையவர்மன் சுந்தரபாண்டியன் பட்டமேறுகிறான். 1268-இல் மாறவர்மன் குலசேகரன் வருகிறான். அவன் ஆட்சியில்தான் மார்க்கோ போலோ பாண்டியர் கடற்கரையில் இறங்குகிறான். இங்கும் மக்கள் பெருகினார்கள், காடு திருத்தினார்கள், புது ஊர் கண்டார்கள். மண்ணையும் மலை மலையாகத் தோண்டினார்கள். ஆனால் தோண்டிய பள்ளம் வேறு, கொட்டிய மேடு வேறு.

மாடக்குளக்கீழ் மதுரை

பிற்காலப் பாண்டியரின் கல்வெட்டுகள் தலைநகரத்துக்கு ஒரு முகவரி எழுதுகின்றன: மாடக்குளக்கீழ் மதுரை. மாடக்குளம் என்ற ஏரியின் கீழ் உள்ள மதுரை என்று பொருள். பழங்காநத்தத்துக்கு மேற்கே இன்றும் இருக்கும் அந்தக் கண்மாய்தான்.

இதை ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பேரரசன் ஒருவன், தென்கடலிலிருந்து நெல்லூர் வரை படை நடத்தியவன், தன் அரண்மனையிலிருந்து ஆணை எழுதும்போது தன் நகரம் எங்கே இருக்கிறது என்பதை மதிலை வைத்துச் சொல்லவில்லை. ஒரு கண்மாயை வைத்துச் சொல்கிறான். மதுரைக்கு அப்போது மதில் இல்லாமல் இல்லை. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இந்நகரத்தின் ஆழ்ந்த அகழியையும் உயர்ந்த மதிலையும் பாடி ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அகழி, கிடங்கு, எயில், ஞாயில், காவற்காட்டுக்கு மிளை என்று அரணின் ஒவ்வோர் உறுப்புக்கும் சங்கத் தமிழில் தனிச் சொல் உண்டு. முற்றுகையிடுவதற்கு உழிஞை என்றும், மதிலைக் காப்பதற்கு நொச்சி என்றும் திணை வகுத்த மொழி இது. அகழி தெரியாதவர்கள் அல்லர் நம் முன்னோர். அது அரசனுக்கு உரியது என்று கருதியவர்கள். ஊருக்கு உரியது குளம்.

வைகைச் சமவெளியில் மழை ஆண்டில் சில வாரங்கள் கொட்டிவிட்டுப் போய்விடும். வைகையும் அப்படித்தான், வந்தால் வெள்ளம், இல்லாவிட்டால் மணல். வந்த நீரைப் பிடித்து வைப்பவன் பிழைப்பான். அதனால் இங்கே மண்வெட்டி முதலில் போனது கண்மாய்க்கு. வைகைக் கரையில் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, பாண்டியன் சேந்தன் மதகு அமைத்ததைச் சொல்கிறது. அப்போதே அது அரசன் பெருமையோடு கல்லில் வெட்டிவைக்கும் செயலாக இருந்தது.

அகழியையும் கண்மாயையும் பக்கத்தில் வரைந்து பாருங்கள். அகழி நான்கு பக்கமும் மூடிய கட்டம். உள்ளே ஒரு குடும்பம், வெளியே உலகம். கண்மாய் பிறை வடிவம். மூன்று பக்கம் கரை, மேட்டுப்பக்கம் திறப்பு. மேலே உள்ள ஊரின் கலிங்கு வழிந்தால்தான் கீழே உள்ள ஊரின் கண்மாய்க்கு நீர். அது நிறைந்து வழிந்தால் அடுத்த ஊருக்கு. இப்படி மாலை கோத்ததுபோல் சங்கிலி சங்கிலியாகக் கண்மாய்கள். மேலூர்ப் பக்கம் போய் நின்று பார்த்தால், நிலம் சரியும் திசையெல்லாம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கரைகள் தெரியும். எந்த ஊரும் தன்னைத் தனியே பூட்டிக்கொள்ள முடியாத அமைப்பு இது. மேலே உள்ள ஊர்க்காரனோடு சண்டை போடலாம், வழக்காடலாம், கரையை வெட்டிவிட்டான் என்று கம்பெடுத்துப் போகலாம். அவன் இல்லாமல் வாழ முடியாது.

வந்தியின் பங்கு

இந்தக் கரைகளை யார் கட்டினார்கள்? மதுரைக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒரு கதையில் அதற்குப் பதில் இருக்கிறது. வைகையில் வெள்ளம். கரை உடைகிறது. வீட்டுக்கு ஒருவர் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, மண் சுமந்து, பிரம்படி பட்டார். ஆவணி மூலத் திருநாளில் ஆண்டுதோறும் நடக்கும் புட்டுத் திருவிழா இதைத்தான் நினைவூட்டுகிறது.

பக்தியோடு இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், அதன் அடியில் கிடக்கும் ஊர் வழக்கத்தைக் கவனிப்பதில்லை. கதையில் கரை முழம் முழமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கிழவிக்கும் ஒரு பங்கு உண்டு. ஏழை என்று அவளுக்கு விலக்கு இல்லை, ஏழை என்று அவளை ஒதுக்கவும் இல்லை. பிற்காலத்தில் குடிமராமத்து என்று பெயர் பெற்ற வழக்கத்தின் உயிர் இதுதான். கரையை உயர்த்துவது, மடையைச் சீர்செய்வது, கரம்பை மண் அள்ளித் தன் வயலுக்கு உரமாகக் கொண்டுபோவது, எல்லாம் ஊர்க் கட்டுப்பாடு. 1858-இல் சென்னை அரசாங்கம் இதைச் சட்டமாகவே எழுதிப் பார்த்தது. ஆனால் ஊர் தானாகச் செய்ததைச் சட்டத்தால் செய்விக்க முடியவில்லை.

எஸ்ஸெக்ஸ் உழவன் தன் வீட்டைச் சுற்றித் தானே தோண்டினான். வைகைச் சமவெளி உழவன் ஊரோடு சேர்ந்து, பங்கு பிரித்து, ஊருக்காகத் தோண்டினான். இரண்டு கிராமப்புறங்களும் வெவ்வேறாக வளர்ந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

நத்தம் மேடும் மந்தையும்

நீர் ஊருக்குப் பொது என்றானதும் வீடுகளும் ஒன்றாக நெருங்கின. வயலுக்கு நடுவே தனி வீடு கட்டினால் ஒரு குழி நன்செய் வீண். அதனால் நீர் ஏறாத, பயிர் விளையாத மேட்டை ஒதுக்கி நத்தம் என்றார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகள், ஒவ்வோர் ஊரிலும் வரியில்லாத நிலங்களை வரிசையாகச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று பிரித்துக் காட்டுகின்றன. குடியிருப்பு வேறு, விளைநிலம் வேறு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உறுதியாகிவிட்டது. இன்றும் பட்டாவில் நத்தம் என்ற சொல் இருப்பது அதனால்தான்.

மதுரைப் பக்கத்துப் பழைய கிராமத்துக்குள் நடந்தால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஊரின் புறக்கடைச் சுவர்களே ஊரைச் சுற்றி ஒரு மதிலாக நிற்கும். நுழைவாயில்போல் மந்தை. அங்கே சாவடி, மந்தையம்மன், மாடுகள் கூடும் திடல். அதற்கு வெளியே களம், வைக்கோல் படப்பு, தொழு. அதற்கும் அப்பால் கண்மாய்க் கரை. கரையில் அய்யனார், பரிவாரத்தோடு, மண்குதிரைகளோடு. எல்லையில் கருப்பசாமி அரிவாளோடு.

காவல் தெய்வம் எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். கரையில், மடையில், எல்லையில். ஊர் எதை இழந்தால் அழிந்துபோகுமோ அங்கே காவல் வைத்தது. ஆண்டுதோறும் புரவி எடுக்கும்போது ஊரே வேளார் வீட்டிலிருந்து குதிரைகளைச் சுமந்துகொண்டு கண்மாய்க் கரைக்குப் போகிறது.

வேலி போட்டு வாழ்ந்தவர்களும் இந்தச் சமவெளியில் உண்டு. ஊர்ப்பெயர்கள் சொல்கின்றன. வாடிப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி என்று மேற்கே போகப் போகப் பட்டிகள் பெருகும். ஆடுமாடுகளை அடைக்கும் முள்வேலிக்குப் பட்டி என்று பெயர். மேய்ச்சல் நிலத்தில் முதலில் வேலி வந்தது, பிறகு குடிசை வந்தது, பிறகு ஊர் வந்தது, பெயர் மட்டும் ஆட்டுக்குட்டியின் நினைவாகத் தங்கிவிட்டது. வளவு என்ற சொல்லும் அப்படியே. மதுரையில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழும் கட்டுக்கு வளவு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதே சொல், வேலி சூழ்ந்த தனி மனைக்கு.

தமிழ் மண்ணில் தனிப் பண்ணைவீடு பெருகிய இடம் கொங்கு. அங்கே ஒவ்வோர் உழவனுக்கும் தன் தோட்டம், தன் கிணறு, கிளுவை வேலி, தோட்டத்துக்குள்ளேயே சாளை. காரணம் எளிது. கிணறு ஒருவனுடையது, கண்மாய் ஊருடையது. கிணற்றுநீர் பாயும் இடத்தில் வீடுகள் சிதறின. கண்மாய்நீர் பாயும் இடத்தில் வீடுகள் கூடின. இங்கிலாந்தின் அகழிப் பண்ணைக்கு நம்மிடம் உறவு சொல்ல ஒரு வீடு வேண்டுமென்றால் அது கொங்குத் தோட்டத்துச் சாளைதான், மதுரைச் சீமையின் வீடு அல்ல.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தென்பாண்டிச் சீமையில் விதை நெல்லை வைக்கோற்புரியால் இறுகச் சுற்றி உருண்டையாகக் கட்டி, மேலே சாணம் மெழுகிக் காயவைப்பார்கள். பூச்சி போகாது, ஈரம் போகாது. அதற்குக் கோட்டை என்று பெயர். நெல்லை அளப்பதும் கோட்டைக் கணக்கில். அந்த விதை பிடிக்கும் நிலத்துக்குக் கோட்டை விதைப்பாடு. அரசனுக்கு மதில் கோட்டை. குடியானவனுக்கு விதைநெல் கோட்டை. எதைக் காத்தால் அடுத்த ஆண்டு உயிர் வாழலாமோ அதைச் சுற்றித்தான் அவன் வைக்கோலால் மதில் எழுப்பினான்.

அச்சம் வந்த நூற்றாண்டு

1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. பாண்டிய இளவரசர்களின் பங்காளிச் சண்டை கதவைத் திறந்துவிட்டிருந்தது. 1335-இல் ஜலாலுதீன் அசன்கான் மதுரையில் தனி சுல்தானகம் கண்டார். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் ஊர்களுக்கு நிம்மதி இல்லை.

அந்த நாள்களை நேரில் கண்டு எழுதியவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1340-களில் சுல்தான் கியாசுதீன் தம்கானியோடு காட்டு வழியே மதுரைக்குப் பயணம் செய்தவர் அவர். வழியெல்லாம் மரத்தை வெட்டிக்கொண்டே படை நகர்ந்தது. பொழுது சாய்ந்து தங்கும் இடங்களில் வெட்டிய மரங்களால் பாசறையைச் சுற்றி நெருக்கமாக வேலி நட்டு நான்கு வாயில் வைத்தார்கள். தூக்கிச் செல்லும் கோட்டை. சிறைபிடித்த மக்களை அந்த வாயில்களிலேயே கழுவேற்றிய கொடுமையையும் அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

அரசு தளர்ந்த காலத்தில் ஊர்கள் என்ன செய்தன? இங்கும் அவை அகழி வெட்டவில்லை. ஆளைத் தேடின. பாடிகாவல் என்பது சோழ பாண்டியக் கல்வெட்டுகளில் வரும் பழைய வரி. ஊரைக் காப்பவனுக்கு ஊர் கொடுக்கும் பங்கு. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் ஊரவர் கூடித் தங்கள் காவல் உரிமையை ஒரு தலைவனிடம் ஒப்படைக்கும் கல்வெட்டுகள் பெருகுகின்றன. அஞ்சி வருபவர்களுக்கு அடைக்கலம் என்று அறிவிக்கும் ஆசிரியம் கற்களும் அப்போதுதான் நடப்பட்டன. ஒரு கல், அதில் ஒரு தலைவன் பெயர். அந்தக் கல்லைத் தாண்டி வந்துவிட்டால் நீ பிழைத்தாய். அகழி செய்யும் வேலையை ஒரு மனிதனின் வாக்கு செய்தது.

அந்தத் தலைவர்கள் காலப்போக்கில் பெருத்தார்கள். விஜயநகரத்தின் குமார கம்பணன் 1371-இல் மதுரையை மீட்டபின், 1529-இல் விசுவநாத நாயக்கர் வந்து, அரியநாத முதலியாரின் துணையோடு நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பது வழிவழிச் செய்தி. பழைய பாண்டியர் கோட்டையை இடித்துவிட்டு, அதைவிடப் பெரிதாக இரட்டை மதிலும் அகழியும் 72 கொத்தளங்களும் கொண்ட கோட்டையை எழுப்பினார். பழைய கோட்டையின் ஒரு வாசலை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். கோயிலுக்குக் கிழக்கே இன்றும் அதற்கு விட்டவாசல் என்றுதான் பெயர்.

கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் பொறுப்பு. கரையில் வந்திக்கு ஒரு பங்கு என்பதுபோல, மதிலிலும் ஒவ்வொருவருக்கு ஒரு பங்கு. கண்மாய் கட்டத் தெரிந்த நாடு கோட்டையையும் அதே கணக்கில் கட்டியது. தோண்டிய இடம் வீணாகக் கூடாது என்ற அதே கணக்குதான் திருமலை நாயக்கர் காலத்திலும். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது என்று மதுரை சொல்லி மகிழ்கிறது.

பாளையக்காரர்கள் தங்கள் சீமையில் தங்களுக்கென மண்கோட்டை கட்டிக்கொண்டார்கள். நிலக்கோட்டை என்ற பெயரே சாட்சி. சாப்டூர், பேரையூர், உத்தப்பநாயக்கனூர், வெள்ளியக்குன்றம் என்று மதுரையைச் சுற்றி வளையமாகப் பாளையங்கள். குழைத்த மண்ணால் கனத்த சுவர், அதைச் சுற்றி நெருக்கமான முள்வேலி, அதற்கு அப்பால் வெட்டாத காடு. சங்கப் புலவர் சொன்ன மிளை பெயர் மாறி வாழ்ந்தது. அந்தக் காட்டின் வலிமையை 1755-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதி ஹீரன் தெரிந்துகொண்டார். மதுரைப் பக்கக் கோயில் ஒன்றின் திருமேனிகளைத் தூக்கிக்கொண்டு போன அவருடைய படையை நத்தம் கணவாயில் கள்ளர்கள் மடக்கினார்கள். சாமிகள் திரும்ப வந்தன.

குடியானவர் குடும்பங்களே மதிலுக்குள் வாழ்ந்த இடம் ஒன்று உண்டு. அது தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்தில். கோட்டைப்பிள்ளைமார் எனப்பட்ட நிலக்கிழார் குடும்பங்கள் மண்மதில் சூழ்ந்த கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. நெல் உள்ளே வரும். ஆண்கள் வெளியே போவார்கள். பெண்கள் வெளியே வருவதில்லை. ஆய்வாளர் கமலா கணேஷ் அதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில்தான் அந்த மதில் சரிந்தது. ஒரு குடி தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அந்தக் கோட்டை காட்டிவிட்டது.

மண் மண்ணோடு சேர்ந்தது

மதுரைக் கோட்டையின் அகழி கடைசியாகப் போர் கண்டது கான்சாகிபு என்ற யூசுப் கான் காலத்தில். கும்பினியின் தளபதியாக இருந்து அதையே எதிர்த்து நின்ற யூசுப் கானை 1763-இல் முற்றுகையிட்டார்கள். மழை வந்து விலகினார்கள். 1764 ஜூனில் மதிலைத் தகர்த்து ஏற முயன்றும் தோற்றார்கள். பீரங்கியால் முடியாததைத் துரோகம் முடித்தது. உள்ளே இருந்தவர்களே அவரைப் பிடித்துக்கொடுக்க, 1764 அக்டோபர் 15-இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

கோட்டை என்றாலே கும்பினிக்குக் கசந்துபோனது அதன் பிறகு. 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலேறிய கையோடு, பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும் என்று கும்பினித் தளபதி பானர்மேன் ஆணையிட்டார். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பிய, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் ஊர்மக்களும் சில நாள்களில் மீண்டும் எழுப்பினார்கள். மண்ணும் ஆளும் இருந்தால் போதும், கரை கட்டிய கைகளுக்கு மதில் கட்டுவது புதிதா? மார்ச் மாதத் தாக்குதலை அந்த மண்சுவர் தாங்கியது. மே 24-இல்தான் வீழ்ந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1-இல் ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு தென்சீமையின் ஆயுதங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மண்கோட்டைகள் மழையில் கரைந்து கோட்டைமேடுகள் ஆயின.

காவலும் போனது. ஊர்க் காவலும் திசைக்காவலும் கும்பினி போலீசிடம் சேர்ந்தன. தலைமுறையாகக் காவல் பார்த்தவர்களைப் பின்னாளில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதியது. அதை எதிர்த்து உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களை மதுரைச் சீமை மறக்கவில்லை. 1947-இல் அந்தச் சட்டம் நீங்கியது.

மதுரை நகர மதிலின் முறை 1840-ஐ ஒட்டி வந்தது. நகரம் நெருக்கடியில் மூச்சுத்திணறியது, அகழி சாக்கடையாக நாறியது. கலெக்டர் பிளாக்பர்ன் ஒரு வழி கண்டார். மதிலை இடித்து அகழியில் தள்ளித் தன் பங்கு இடத்தை யார் நிரப்புகிறார்களோ, அந்த மனை அவர்களுக்கே. நில அளவையாளர் மாரட்டும் வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரியும் வீதிகளுக்குப் பெயரானார்கள். அகழி தோண்டிய மண் மதிலானது. மதிலை இடித்த மண் அகழிக்கே திரும்பியது. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே, மேலவாசலில் ஒரு துண்டுக் கோட்டை மட்டும் மிச்சம்.

இங்கும் பங்குக் கணக்குதான். ஆனால் ஒரு வேறுபாடு. வந்தி தன் பங்கை அடைத்தாள், கரை ஊருடையதாகவே இருந்தது. 1840-களில் தன் பங்கை அடைத்தவன் அதற்கு உடையவன் ஆனான். பொது மண் தனி மனையாக மாறியதில் மதுரை கண்ட பெரிய முதல் பாடம் அது. நகரம் அதை நன்றாகவே கற்றுக்கொண்டது.

கண்ணுக்குத் தெரியாத அகழி

இதுவரை கூடி வாழ்ந்த ஊரைப் பெருமையாகச் சொன்னேன். முழு உண்மையையும் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க எனக்கு மனமில்லை. இராசராசன் கல்வெட்டில் ஊர்நத்தத்தோடு சேர்த்து இன்னொன்றும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது: பறைச்சேரி. ஊர் கூடியபோது ஒருசிலர் கூடாமல் வைக்கப்பட்டார்கள். கண்மாய்க் கரைக்கு மண் சுமந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். மடையைக் காவல் காத்து நீர் திறந்துவிட்ட நீர்க்கட்டிகளில் பலர் அவர்களே. ஆனால் குடியிருப்பில் அவர்களுக்கு ஊரோடு பங்கு தரவில்லை. வீட்டைச் சுற்றி அகழி வெட்டாத இந்தச் சமவெளி, ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓர் அகழியை ஆயிரம் ஆண்டு தூர்க்காமல் வைத்திருந்தது.

கண்ணுக்குத் தெரியாத அந்த அகழி சில நேரம் கண்ணுக்குத் தெரியும் சுவராகவும் எழுந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்துப் பாதை திறந்தது. பாண்டியர் மதிலும் நாயக்கர் மதிலும் போன நாட்டில் கடைசியாக இடிபட்ட சுவர் இது என்று எழுதும் நாள் வர வேண்டும்.

எஸ்ஸெக்ஸ் அகழிகளை அந்த நாட்டார் இன்று சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள். நம்மிடம் அதற்கு இணையாக நிற்பவை கண்மாய்கள். உலகனேரியில் இன்று உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. தல்லாகுளம் என்றால் இன்று யாருக்கும் குளம் நினைவுக்கு வருவதில்லை. அகழியை மூடியபோது மதுரை மூச்சுவிட்டது. கண்மாய்களை மூடும்போது அதே மதுரை ஐப்பசி கார்த்திகையில் தண்ணீரில் நிற்கிறது, சித்திரையில் லாரிக்குக் காத்திருக்கிறது. தூர்க்க வேண்டிய பள்ளம் எது, தோண்ட வேண்டிய பள்ளம் எது என்பதில் நாம் தடுமாறிவிட்டோம்.

அடுத்த முறை மாடக்குளம் பக்கம் போனால் கரையில் ஏறி நின்று கிழக்கே பாருங்கள். கோபுரங்கள் தெரியும். அந்த நகரம் இந்தக் கரைக்குக் கீழே இருக்கிறது என்றுதான் பாண்டியன் எழுதினான். நீங்கள் நிற்கும் மண்ணில் யாரோ ஒரு கிழவியின் பங்கும் இருக்கிறது.

*(அடுத்த இதழில்: ஏந்தல், ஊருணி, தெப்பம் – மதுரைச் சீமை நீருக்கு வைத்த பெயர்கள்)*